பச்சை மூடிப் போத்தல்

கண்டி
12 மே 2024

அன்புள்ள நிப்றாஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மழையும் இருமலும், இரண்டும் பழகிவிட்டன. உம்மாவின் முழங்கால் எப்படி? றஹ்மா மதினி சுகமா? உங்கள் சுகத்தைக் கேட்கத் தேவையில்லை. போன வாரம் அனுப்பிய குரல் பதிவிலேயே தெரிந்தது. மொத்தம் பதினொரு நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் காற்று, ஒரு நிமிடம் யாரோ ஆட்டைத் துரத்துகிறார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். சிரிக்க வேண்டாம், எங்கள் ஆய்வுகூடக் கோப்பில் கையால் எழுதி, திகதி போட்டு, கையொப்பம் வைத்த தாள்தான் செல்லும். நீங்கள் எண்ணுவதை எழுதி கண்டி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். நானும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

பெட்டியைத் திறந்திருப்பீர்கள். இரண்டு பெரிய போத்தல்கள். ஒன்றுக்குப் பச்சை மூடி, மற்றதுக்கு மஞ்சள் மூடி. ஒன்றில் நான் மூன்று வருடமாக வளர்த்தெடுத்த பற்றீரியா இருக்கிறது. நம் மாம்பழத்தில் கறுப்புப் புள்ளி விழுந்து, காம்படி கன்றி, கொழும்புக்குப் போய்ச் சேருமுன் பாதிப் பெட்டி அழுகிப்போகிறதே, அந்தப் பூஞ்சணப் பங்கசைத் தடுக்கிற பற்றீரியா. மற்றப் போத்தலில் மாவு கரைத்த வெறும் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் கஞ்சித் தண்ணீர்தான். எதில் எது என்று எனக்கே தெரியாது. என்னோடு வேலை செய்யும் அசனா நிரப்பி, ஒரு துண்டில் எழுதி, உறையில் ஒட்டி அலுமாரியில் பூட்டிவிட்டாள். தெரிந்துவிட்டால் மனம் ஒரு பக்கம் சாயும், கண்ணும் அதன்படியே எண்ணும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒரே நாளில் பறித்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருநூறு எடுங்கள். நூறைப் பச்சையில் அமிழ்த்தி ஒரு கூடையிலும், நூறை மஞ்சளில் அமிழ்த்தி மறு கூடையிலும் அடுக்கி, வாப்பாவின் பழைய வலை அறையில் வையுங்கள். நாலாம், எட்டாம், பன்னிரண்டாம் நாட்களில் எத்தனை பழம் பழுதாகியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அழுகினாலும் அது கூடையிலேயே கிடக்கட்டும். எதையும் எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது.

ஜூலை முடிவில் கூட்டம். ஆய்வுகூடத்துக்குள் நன்றாக வேலை செய்யும் பற்றீரியா தோட்டத்திலும் செய்யுமா என்பதுதான் கேள்வி. "இதுவும் சரிவரேல்லை எண்டா இன்ஷிரா வெங்காயத்துக்கு மாறட்டும்" என்று எங்கள் மேடம் சொல்லிவிட்டார். மாறினால் என் பற்றீரியாத் தட்டுகளையெல்லாம் அவித்துக் கொட்டிவிடுவார்கள். மூன்று வருடம், காக்கா. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

உம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் தங்கச்சி
இன்ஷிரா

*

குறிஞ்சாக்கேணி
19 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் முழங்கால் மழை வரப்போகிறதென்று வலித்தது. மழை வரவில்லை, வலி மட்டும் நிற்கிறது. நாங்கள் சுகம். உன் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

என் கையெழுத்தை அசனா பிள்ளைக்குக் காட்டாதே. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை, பதினேழாம் திகதி வேலை முடிந்தது. கந்தூரிச் சோறு ஆக்கும் பெரிய கிடாரத்தைப் பள்ளிவாசலில் இரவல் வாங்கினேன். "மாங்காய்க்குமா கந்தூரி?" என்று மோதினார் கேட்டார். முதலில் பச்சை. பிறகு கிடாரத்தைச் சுடுதண்ணீரால் மூன்று தரம் கழுவி, மஞ்சள். றஹ்மா பக்கத்தில் நின்று நூறு நூறாக எண்ணித் தந்தாள். உம்மா தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"சனத்துக்குக் கிருமியையா தின்னக் குடுக்கப் போறா இவள்? இதுக்கா இவளைப் படிப்பிச்ச?"

"மாமி, காலையில ஒரு கோப்பை எருமைத் தயிர் சாப்பிட்டீங்களே, அதுக்குள்ள இருக்கிறது என்னவாம்?" என்றாள் றஹ்மா.

அன்றைக்கும் மறுநாளும் உம்மா தயிரைத் தொடவில்லை. இன்று காலை பொறுக்க ஏலாமல் இரண்டு கோப்பை சாப்பிட்டார்.

எது எதென்று உனக்கே தெரியாதாம். சரி, நம்புகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. பச்சைதான் உன்னுடையது. பள்ளிக் கொடிக்குப் பச்சை, ஸியாரத்துச் சமாதிப் போர்வைக்குப் பச்சை. அசனாவும் நம்மட பிள்ளைதானே, நல்லதுக்குப் பச்சை மூடி போடாமல் மஞ்சளையா போடும்? இதைக் கண்டுபிடிக்கக் கண்டிக்குப் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

துஆவுடன்
காக்கா

*

கண்டி
24 மே 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொத்தமல்லி குடித்தேன். இருமல் போய்விட்டது, வாசம் போகவில்லை.

உங்கள் கொடிக் கணக்கை வாசித்து அசனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையெழுத்தையும் பார்த்துவிட்டாள், மன்னியுங்கள். ஆனால் ஒன்று, தயவுசெய்து ஊகிக்க வேண்டாம். பச்சை என்றும் நினைக்க வேண்டாம், மஞ்சள் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு கூடையும் உங்களுக்கு அயல்வீட்டுக் கூடைகள்.

பற்றீரியா எப்படிப் பங்கசைத் தடுக்கும் என்று மதினி கேட்டாராம், உம்மா போனில் சொன்னார். கிண்ணியா பஸ் நிலையத்தில் பஸ் வந்து நிற்குமுன் யன்னலால் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே வேலைதான். பழத் தோலில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் இது முதலில் போய்க் குந்திவிடும். இருக்கிற சாப்பாட்டையும் தின்றுவிடும். பிறகு வருகிற பங்கசுக்கு நிற்க இடமில்லை. போதாததற்கு அதற்குப் பிடிக்காத ஒரு சாற்றையும் கக்கிவைக்கும்.

இன்னொரு சங்கதி. இதை எங்கிருந்து எடுத்தேன் என்று நான் உங்களுக்குச் சொன்னதில்லை. நம் கிணற்றடி மாமரத்தின் இலையில் இருந்துதான். மற்ற மரங்கள் எல்லாம் புள்ளி விழுந்து நின்ற வருடம் அது மட்டும் சுத்தமாக நின்றது. இருபத்துமூன்று வகை எடுத்து வளர்த்துப் பார்த்தேன், பதினேழாவது நின்று பிடித்தது. ஆகவே போத்தலில் இருப்பதும் குறிஞ்சாக்கேணிக்காரர்தான். பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

நாலாம் நாள் கணக்கு இன்னும் வரவில்லையே?

இன்ஷிரா

*

குறிஞ்சாக்கேணி
27 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. உச்சிநேரத்தில் வாசலில் நின்றால் முகம் வறுபடுகிறது. உம்மா பாய் போட்டுக் குசினிக்குள்ளேயே படுக்கிறார்.

கிணற்றடி மரத்தை உம்மாவிடம் சொன்னேன். அன்று பின்னேரமே அதற்கு இரண்டு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றினார். கிருமி என்ற பேச்சு இப்போது இல்லை. "எங்கட மரத்துப் பிள்ளையள்" என்கிறார்.

கணக்கு இதுதான். நாலாம் நாள்: பச்சையில் பழுது இல்லை, மஞ்சளில் ஒன்று. எட்டாம் நாள்: பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஆறு. கையொப்பம் கீழே இருக்கிறது.

வலை அறைத் திறப்பு என் இடுப்பில்தான். றஹ்மாவையும் உள்ளே விடுவதில்லை. ஆய்வென்றால் ஆய்வுதான். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே, வேளைக்குச் சாப்பிடு, வெங்காயத்தைக் கறிக்கு மட்டும் நினை.

ஆடுகள் கொழுத்துவிட்டன. என்னைக் கண்டால் தனிப் பாசம், பின்னாலேயே வருகின்றன. அடுத்த முறை நீ வரும்போது அடையாளம் தெரியாது.

முனாஸ் போன கிழமை வந்து தோட்டத்தைப் பார்த்தார். நம் பழத்தை வாங்குவதும் அவர், வாங்குமுன் நூறு குற்றம் சொல்வதும் அவர். "போத்தல் தண்ணியில மாம்பழம் நிண்டு பிடிச்சா நான் மொட்டை அடிக்கிறன்" என்று சந்தியில் நின்று சொன்னாராம். சொல்லட்டும்.

காக்கா

*

குறிஞ்சாக்கேணி
30 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். பன்னிரண்டாம் நாள் கணக்கு. பச்சை மூன்று. மஞ்சள் பதினான்கு.

கூடைகளைக் கழுவி வைத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

காக்கா

*

கண்டி
5 ஜூன் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். சுகம் என்று எழுதுவதுதானே வழக்கம், எழுதிவிட்டேன்.

நேற்று உறையைப் பிரித்தோம். பச்சை மூடிக்குள் இருந்தது மாவுத் தண்ணீர். மஞ்சள்தான் என் பற்றீரியா.

வெறும் தண்ணீரில் நனைத்த நூறு பழத்தில் மூன்றுதான் பழுதாகியிருக்கிறது. என் பற்றீரியா பூசிய நூறில் பதினான்கு. அதாவது நான் மூன்று வருடம் பாடுபட்டு, தண்ணீரைவிட மோசமான ஒன்றை வளர்த்திருக்கிறேன். துண்டைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று அசனா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பிடித்தாலும் பச்சை பச்சைதான்.

அழுதேன். அதை ஒளிக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லை, ஒரு பக்கத்தில எழுதித் தாங்க. பிறகு வெங்காயத்தத் தொடங்குவம்" என்று மெதுவாகச் சொன்னார். இந்த மாத முடிவில் தட்டுகளை அகற்ற வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கூடைகளில் எதாவது கை வைத்ததா? எலி, ஆடு, அயலவர் யாராவது? கச்சான் வெக்கையில் வெறும் தண்ணீரில் நனைத்த கறுத்தக்கொழும்பான் பன்னிரண்டு நாள் அப்படி நிற்காது. நான் பார்த்த எந்தக் கணக்கிலும் இப்படி இல்லை. இரண்டு தரம் போன் எடுத்தேன். நீங்கள் வலை தைக்கப் போயிருப்பதாக உம்மா சொன்னார். மாம்பழக்காரருக்கு ஏது வலை?

ஹஜ் பெருநாளுக்கு வரவில்லை. வந்தால் உம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

இன்ஷிரா

*

குறிஞ்சாக்கேணி
18 ஜூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் வாழ்த்து. பதில் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்.

தொழுகைக்குத் திடல் நிறைந்த சனம். உழ்ஹிய்யாக் குர்பானி இறைச்சி பங்கு வைத்து முடியப் பின்னேர அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. றஹ்மா வட்டிலப்பம் செய்தாள். உன் பங்கை உம்மா எடுத்து வைத்து, பின்னேரம் வரை ஒருவரையும் தொடவிடாமல் காவல் இருந்து, பிறகு தானே சாப்பிட்டார். துறைமுகத்தில் பெரிய வெள்ளைக் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. பாலத்தில் நின்று படம் எடுக்கிற கூட்டத்தால் மோட்டார் சைக்கிள் போக ஏலாது.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். எலி இல்லை. ஆடு அறைக்குள் போகவில்லை. அயலவர் ஒருவரும் வரவில்லை.

அசனா பிள்ளை மாறி எழுதியிருக்காதா? கெட்டிக்காரிதான், ஆனாலும் மனிசர்தானே. மாத முடிவு என்று நீ எழுதியது முப்பதாம் திகதியா? அந்தத் தட்டுகளைக் கொட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம் என்று மேடத்திடம் சொல்ல ஏலாதா? இரண்டு கிழமை கூடுதலாக வைத்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

நெத்தலிக் கருவாடு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடு தங்கச்சி. சாப்பிடாமல் இருக்காதே.

காக்கா

*

குறிஞ்சாக்கேணி
23 ஜூன் 2024

இன்ஷிராவுக்கு,

மதினியின் ஸலாம். உன் காக்கா மூன்று நாளாகக் கடுதாசியும் பேனையுமாகக் குந்திக்கொண்டிருக்கிறார். எழுதுவதும் கிழிப்பதும். வீட்டுக்குள் நடக்க ஏலாது, கால் வைக்கும் இடமெல்லாம் கசங்கின தாள்.

புதன்கிழமை ஆட்டுக் கொட்டிலைக் கூட்டினேன். சருகுக்கு அடியில் மாங்கொட்டை. ஒன்றிரண்டு இல்லை, ஒரு குவியல்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"ஆடு திண்டது."

"ஆடு மரத்தில ஏறிப் பறிச்சதா? ஆர் குடுத்த?"

மனிசன் கொட்டில் கட்டையில் இருந்து அழத் தொடங்கிவிட்டார். வாப்பா மௌத்தான நாள் அழுததற்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மிச்சம் அவர் எழுதட்டும். அவருடைய தாளும் இதே உறைக்குள் இருக்கிறது. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, ஒரு பிழையும் திருத்தவில்லை. ஏச வேண்டுமென்றால் நன்றாக ஏசு. ஆனால் மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம், உம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது நான்.

றஹ்மா

*

தங்கச்சி,

நான்தான்.

நாலாம் நாள் கதவைத் திறந்தேன். பச்சைக் கூடையில் ஒன்பது பழம் கறுத்துக் கிடந்தது. மஞ்சளில் ஒன்றே ஒன்று. பச்சைதான் உன்னுடையது என்று நான் முடிவு கட்டியிருந்தேன் அல்லவா? தண்ணீர் வெல்கிறது, என் தங்கச்சி தோற்கிறாள். அதைத்தான் கண்டேன், வேறொன்றும் யோசிக்கவில்லை. ஒன்பதையும் பொறுக்கி ஆட்டுக்குப் போட்டேன். வெளியே குவித்திருந்ததில் நல்லதாகப் பார்த்து ஒன்பது எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சுபஹ் தொழுதுவிட்டு நேரே வலை அறைக்குத்தான். தொழுகையில் நின்றுகொண்டே கூடையை நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். கடைசியில் மூன்று பழுதை மட்டும் விட்டுவைத்தேன், ஒன்றுமே இல்லையென்றால் நீ சந்தேகப்படுவாய் என்று. மஞ்சள் நன்றாக நின்றதைக் கண்டு, இந்த வருடம் பழம் நல்லது, போத்தல்தான் பழுதாக்குகிறது என்று நினைத்தேன். உனக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேனே தவிர, மாறி நினைத்துப் பார்க்கவில்லை.

மாற்றியது ஐம்பத்தெட்டுப் பழம். ஒவ்வொன்றுக்கும் சுவரில் கரிக்கோடு போட்டிருக்கிறேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. மஞ்சளில் கை வைக்கவே இல்லை. வல்லாஹி. அந்தப் பதினான்கு உண்மையான பதினான்கு.

நீ தோற்பதைப் பார்க்க என்னால் ஏலாது, அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. உன்னைக் காப்பாற்றப் போய் நானே விழுத்திவிட்டேன். பெருநாள் கடிதத்தில் எலியும் ஆடும் இல்லை என்று எழுதியபோது, என்னை நீ கேட்கவில்லைத்தானே என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அந்தப் பொய் மற்ற எல்லாவற்றையும்விடக் கேவலம்.

மேடத்தின் போன் நம்பரைத் தா. நானே சொல்கிறேன். சிறையில் போட்டாலும் பரவாயில்லை, தட்டுகளைக் கொட்ட வேண்டாம்.

நிப்றாஸ்

*

கண்டி
27 ஜூன் 2024

அன்புள்ள காக்காவுக்கும் மதினிக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். மாம்பழத்துக்காக இங்கே யாரையும் சிறையில் போடுவதில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஒரு மணித்தியாலம் நல்ல கோபம். மூன்று பக்கம் ஏசி எழுதினேன், மதினி. நான்காம் பக்கம் தொடங்கும்போது அசனா என் தோளுக்கு மேலால் காக்காவின் தாளை வாசித்துவிட்டு, "விசரி, கணக்கைப் பாரடி" என்றாள். பார்த்தேன். மாற்றியது ஐம்பத்தெட்டு, விட்டுவைத்தது மூன்று. தண்ணீரில் நனைத்தது அறுபதுக்கு மேல் அழுகியிருக்கிறது. என் பற்றீரியா பூசியதில் பதினான்கு. அறுபதுக்கும் பதினான்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம், காக்கா! ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கைகோத்துக் குதித்தோம். காவலாளி வந்து என்னவென்று கேட்டார். ஆடு மாம்பழம் தின்றது என்று சொன்னோம். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

ஏசி எழுதியதைக் கிழித்துவிட்டேன். இரண்டு தாள்களையும் மேடத்திடம் கொண்டுபோனேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இப்பிடி ஒரு அண்ணன் எனக்கு இல்லாமப் போச்சே" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கணக்கு முழுவதையும் குப்பையில் போடச் சொன்னார். கோபிக்க வேண்டாம், அது நியாயம். கை பட்ட கூடையை வைத்து யாருக்கும் எதையும் காட்ட ஏலாது, அது எனக்கு நல்லதாக இருந்தாலும்கூட.

ஆனால் இன்னொரு தடவை செய்து பார்க்க விட்டிருக்கிறார். தட்டுகள் ஜூலைக் கூட்டம் வரை இருக்கும். பின்பூத்த மரங்களில் நானூறு பழம் தேறுமா? இது கடைசித் தடவை. இதிலும் பிழைத்தால் வெங்காயம்தான்.

இம்முறை நாலு போத்தல், எல்லாவற்றுக்கும் வெள்ளை மூடி. இரண்டில் பற்றீரியா, இரண்டில் தண்ணீர். ஒன்று முதல் நாலு வரை இலக்கம் மட்டும். இலக்கத்துக்கு எந்தப் பள்ளியிலும் கொடி இல்லை. எண்ணுகிறவர் நீங்கள் இல்லை, முனாஸ். அவருக்கு நம் போத்தலில் துளி நம்பிக்கை இல்லை, அதனால் அவர்தான் சரியான ஆள். புதுப் பூட்டு அனுப்பியிருக்கிறேன். ஒரு திறப்பு முனாஸிடம். மற்றத் திறப்பை அடுத்த பஸ்ஸில் எனக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் யன்னல் வலையால் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான்.

கோபம் இல்லை, காக்கா. சத்தியமாக இல்லை.

இன்ஷிரா

*

குறிஞ்சாக்கேணி
17 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம். நான் மட்டும் இரண்டு கிலோ குறைந்துவிட்டேன் என்று றஹ்மா சொல்கிறாள்.

ஜூலை மூன்றாம் திகதி அமிழ்த்தினோம். நேற்றுமுன்தினம் பன்னிரண்டாம் நாள். இந்தப் பன்னிரண்டு நாளையும் எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஐந்தாம் நாள் யன்னலால் பார்க்கும்போது இரண்டு கூடை கறுக்கத் தொடங்கிவிட்டது. மற்ற இரண்டும் தளதளவென்று நின்றன. கை தானாகப் பூட்டுக்குப் போயிற்று. பூட்டைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். றஹ்மா வந்து, "கொடிக் கயித்தால கையக் கட்டிவிடவா?" என்று கேட்டாள். பிறகு நானே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

முனாஸ் எண்ணுகிற விதத்தைப் பார்க்க உனக்கு மனம் தாங்காது. ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் பிடித்து, முகர்ந்து, அழுத்தி, "இது பழுது" என்கிறார். நுளம்பு கடித்த அளவு புள்ளியையும் விடவில்லை. "அது காம்புப் பால் பட்ட கறை, முனாஸ்" என்று வெளியில் நின்று சொன்னேன். "நீங்க வாயப் பொத்துங்க, உங்களைப் பத்திக் கண்டியில இருந்து கடிதம் வந்திருக்கு" என்றார். பொத்திக்கொண்டேன்.

அவர் எழுதிக் கையொப்பம் வைத்த தாள் இத்துடன் இருக்கிறது. முதலாம் கூடை ஐம்பத்தொன்பது. இரண்டாம் கூடை பன்னிரண்டு. மூன்றாம் கூடை அறுபத்து நாலு. நாலாம் கூடை பதினொன்று.

எது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. நல்லதாய் நின்றதுதான் உன்னுடையது என்று றஹ்மாவும் உம்மாவும் இனிப்புக்கூடப் பங்கிட்டுவிட்டார்கள். நான் வாயில் போடவில்லை. போன முறை ஊகித்தது போதும். அழுகின இரண்டும் உன்னுடையதாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்து இரண்டு நாள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இருந்தாலும் அனுப்புகிறேன். ஒரு பழமும் மாறவில்லை, தங்கச்சி. அழுகினது எல்லாம் அழுகினபடியே இருக்கிறது. சும்மா நின்று பார்த்ததுதான் நான் இந்த வருடம் செய்த பெரிய வேலை.

உறையைப் பிரித்த உடனே சொல். போனில் சொன்னாலும் சரி.

காக்கா

*

கண்டி
1 ஆகஸ்ட் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

போனில் கத்தியது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. உங்கள் பக்கம் ஒரே காற்று, பிறகு உம்மா அழும் சத்தம், பிறகு மதினி "என்ன, என்ன" என்று கேட்கும் சத்தம். அதனால் எழுத்திலும் தருகிறேன். இரண்டும் நாலும் எங்களுடையவை. ஒன்றும் மூன்றும் தண்ணீர். நேற்றுக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அசனா உறையைப் பிரித்து வாசித்தாள். நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடிந்ததும் மேடம்தான் முதலில் கைதட்டினார். வெங்காயம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது, பாவம்.

அடுத்த வருடம் கிண்ணியாவில் இருந்து புல்மோட்டை வரை முப்பது தோட்டங்களில் செய்து பார்க்கப் போகிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் கூடைகளில் யாரும் கை வைக்காமல் பார்க்க ஒரு ஆள் வேண்டும். யாரைப் போடலாம் என்று கேட்டார்கள். மேடம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இன்ஷிராட காக்காவப் போடுங்க. கூடையில எப்பிடியெல்லாம் கை வைக்கலாம் எண்டு அவருக்குத் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. நியமனக் கடிதம் இத்துடன் இருக்கிறது, கையொப்பம் வைத்து அனுப்புங்கள்.

வேலை லேசு இல்லை, காக்கா. நம் சனத்தை உங்களுக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று முப்பது வீட்டிலும் யாராவது ஒருவர் பழுதைப் பொறுக்கி ஒளித்துவிட்டு நல்ல கணக்காகவே தருவார். அந்த மனிதரைக் கண்டுபிடித்து, அவரை ஏசாமல் பக்கத்தில் இருந்து கதையுங்கள். என்னுடைய காக்காவுக்கு என்னில் எவ்வளவு இரக்கம் என்று சொல்லுங்கள். அவ்வளவு இரக்கத்தோடும் அவர் நூற்று நாற்பத்தாறு அழுகின பழத்தைக் கை வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
இன்ஷிரா